‘விமன் இன் ரிவோல்ட்’ படம் குறித்து உதவி வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் தயாரித்து, பால் மோரிசி இயக்கிய ‘விமன் இன் ரிவோல்ட்’ (1971) என்னும் நையாண்டிப் படத்தைப் பற்றித் தமிழில் ஒரு விரிவான கட்டுரை எழுதி வருகிறேன். அமெரிக்கப் பெண் விடுதலை இயக்கத்தைப் பகடி செய்யும் இப்படத்தில், ஆண்கள் மீது வெறுப்புற்றுப் பெண்ணியக் குழுவொன்றில் இணையும் மூன்று பெண்களாக நடித்த கேண்டி டார்லிங், ஜாக்கி கர்ட்டிஸ், ஹாலி வுட்லான் ஆகிய மூவருமே பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டவர்கள்.

1968 ஜூன் 3 அன்று வார்ஹோலைச் சுட்ட வாலரி சொலானஸ், ஆண்களுக்கு எதிரான அறிக்கையொன்றை எழுதியவர் என்பதால், இப்படத்தை அந்த நிகழ்வுக்கான பதிலடியாக வாசிப்போர் உண்டு. அந்த வாசிப்பு மட்டும் போதாது என்பது என் கருத்து. கேண்டி டார்லிங்கின் நடிப்பில் கேலியைவிட, பழைய ஹாலிவுட் நட்சத்திரங்கள் மீதான உண்மையான ஏக்கமே மேலோங்கி நிற்கிறது; திரையில் பெண்ணாக ஏற்கப்பட வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தைப் பகடி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

படம் வெளிவந்த காலத்தில் பெண்ணிய இதழ்கள் எழுதிய விமர்சனங்களை எந்த நூலகத்தின் வழியாகப் பெறலாம் என்று அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். பெரும்பாலும் நடிகர்களே அந்தந்தக் கணத்தில் பேசிய உரையாடல்கள் என்பதால் பல இடங்கள் விளங்கவில்லை. ஆகவே, வசன வரிகளுடன் முறையாக வெளியான குறுந்தகடு எங்கே கிடைக்கும் என்ற விவரமும் தேவை.

இப்படத்தைப் பார்த்த திருநங்கையர் எவரேனும் இக்குழுவில் இருந்தால், அவர்களுடைய பார்வையை அறிய மிகவும் விரும்புகிறேன். அவர்கள் ஒப்புதல் தந்தால் மட்டுமே கட்டுரையில் சேர்ப்பேன்.