ஆர் 1250 ஜிஎஸ்ஸில் குன்சும் வழியாக காசா: டயர் காற்று, பெட்டி, ஓடை பற்றி ஆலோசனை தேவை

செம்மண்தடம்:
வணக்கம் நண்பர்களே. ஜூலை கடைசியில் மணாலி, கிராம்ஃபு, படால், குன்சும் கணவாய், லோசர் வழியாக இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் உள்ள காசா போகத் திட்டம். வண்டி பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ், ஸ்போக் வீல், அலுமினியப் பெட்டி இரண்டு, மேல்பெட்டி ஒன்று. பின்னால் ஆள் கிடையாது. தார் ரோட்டில் நெடுந்தூரம் பழக்கம், கல்லும் தண்ணியும் புதுசு. காற்று எவ்வளவு வைக்கலாம்? பெட்டியோடு போகலாமா? கூடுதல் பெட்ரோல் வேண்டுமா?

கல்பாதை:
முதலில் பெட்டி. வண்டி மட்டுமே 249 கிலோ. காலிப் பெட்டியும் தாங்கியும் சேர்ந்து இன்னும் பத்து கிலோவுக்கு மேல், அதுவும் பின்சக்கரத்துக்கு மேலே, வெளிப்பக்கமாக. கல்லில் வண்டி சாயும்போது எல்லாரும் அனிச்சையாகக் காலை ஊன்றுவோம். வண்டி முன்னே நகரும், கால் அங்கேயே நிற்கும், பின்னால் வரும் பெட்டியின் விளிம்பு கெண்டைக்காலை அமுக்கும். கணுக்கால் முறிவது இப்படித்தான். துணிப்பை வாங்குங்கள். மொத்தச் சுமை 20 கிலோவுக்குள் நிற்கட்டும். கனமான டூல்ஸ் கீழேயும் முன்னேயும், துணிமணி பின்னே. மேல்பெட்டியை மணாலியில் விட்டுவிடுங்கள்.

பெட்ரோலுக்கு கேன் வேண்டாம். டேங்க் 20 லிட்டர். மணாலியிலிருந்து காசா சுமார் 200 கி.மீ., சந்திரதால் ஏரிக்குப் போய் வந்தால் இன்னும் ஏறக்குறைய 28. முதல் கியரிலேயே ஊர்ந்து மைலேஜ் 15க்கு இறங்கினாலும் போதும். ஆனால் இடையில் பங்க் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், மணாலியிலேயே வாய்வரை நிரப்ப வேண்டும். காசாவில் பங்க் இருக்கிறது.

இந்த ரோட்டில் உண்மையான சோதனை கிராம்ஃபுவுக்கும் படாலுக்கும் நடுவில் குறுக்கே ஓடும் ஓடைகள்தான். எல்லாம் பனி உருகி வரும் தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயில் ஏறியபின் மதியம் மூன்று மணிக்கு முழங்காலைத் தாண்டும். அடியில் கிடக்கும் உருண்டைக் கல் கண்ணுக்கே தெரியாது. அதனால் முதல் இரவு மணாலி வேண்டாம். அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு அல்லது கோக்சரில் தங்கி, விடிந்ததும் கிளம்புங்கள், பத்து மணிக்குள் படால். சுமார் 3,100 மீட்டரில் ஓர் இரவு தூங்கினால் 4,551 மீட்டர் குன்சுமுக்கு உடம்பும் தயாராகும். ரோத்தாங் கணவாய்க்கு பர்மிட் வாங்கும் வேலையும் மிச்சம்.

ஓடையை முதலில் நடந்து பாருங்கள். அகலமாக, சலசலவென்று ஓடும் இடம் ஆழம் குறைவு. குறுகி, வழவழவென்று கருப்பாக ஓடும் இடம் ஆழம். முதல் கியர், எழுந்து நின்று, ஒரே சீரான திராட்டில், பார்வை எதிர்க்கரையில். நடுவில் கிளட்சைப் பிடித்தால் வேகம் போய் வண்டி சாயும். ஓட்டத் துணிவில்லை என்றால் இறங்கி, இன்ஜின் ஓட, கிளட்சை லேசாக விட்டுத் தள்ளிப் போகலாம். அப்போது நீரோட்டம் வரும் பக்கம் நில்லுங்கள். மறுபக்கம் நின்றால் தண்ணீர் வண்டியை உங்கள் மேலேயே சாய்க்கும்.

வால்வுமூடி:
காற்று விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி சொல்வது முன்னே 36, பின்னே 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). அதே அளவில் கல்லில் போனால் டயர் துள்ளும், பிடிக்காது. 20, 22 என்று சிலர் சொல்வது 150 கிலோ வண்டிக்குச் சரி. இந்த எடையில் கூர்க்கல் ஒன்று போதும், ரிம் நசுங்கி டியூப்லெஸ் டயர் ஓரத்தில் காற்று கசியும். என் கணக்கு முன்னே 27, பின்னே 31. லோசர் தாண்டி நல்ல ரோடு வந்ததும் திரும்ப ஏற்றுங்கள்.

உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், டயருக்குள் இருப்பது அப்படியே இருக்கும். கேஜ் (அழுத்தமானி) காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதனால் மணாலியில் 28 வைத்தது குன்சும் உச்சியில் 31 காட்டலாம். குளிர் அதில் ஒன்றிரண்டைக் குறைக்கும். அதனால் கிளம்பும் இடத்தில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வண்டி டிஸ்ப்ளே காட்டுவது 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குத் திருத்திய டயர் அழுத்தம். கையில் உள்ள கேஜோடு ஒத்துப்போகாது, பயப்பட வேண்டாம்.

செம்மண்தடம்:
ரொம்ப நன்றி. 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்கிவிட்டேன், வண்டி சாக்கெட்டில் போட்டால் சில நொடியில் நின்றுவிடுகிறது. பழுதா? இன்னொன்று, விழுந்தால் தனியாளாகத் தூக்க முடியுமா?

வால்வுமூடி:
பழுதில்லை. சாக்கெட் அவ்வளவு ஆம்பியர் தராது, எலக்ட்ரானிக்ஸே துண்டித்துவிடும். 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த வயரை நேராக பேட்டரியில் பொருத்தி, நுனியை சீட்டுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் ஓட்டையை அடைக்கும் ரப்பர் குச்சி பத்தாவது இருக்கட்டும். பின்சக்கரத்தைக் கழற்ற டி50 டார்க்ஸ் (நட்சத்திர முனை), முன் ஆக்சிலுக்கு 22 எம்எம் ஹெக்ஸ் (அறுகோண முனை). சாதாரண ஸ்பானர் செட்டில் இரண்டும் இருக்காது.

கல்பாதை:
தூக்கலாம், ஜிஎஸ்ஸில் சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வண்டி முழுக்கப் படுக்காது. முதலில் கில் ஸ்விட்சில் இன்ஜினை அணையுங்கள். பைகளைக் கழற்றுங்கள், அந்த உயரத்தில் மூச்சுதான் முதலில் தீரும். முதல் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் போய்விடும். ஹேண்டிலை விழுந்த பக்கமாக முழுக்கத் திருப்பி, முதுகை சீட்டில் சாய்த்துக் குந்தி, ஒரு கையால் கிரிப்பையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். பலம் தொடையிலிருந்து வரவேண்டும், இடுப்பிலிருந்து அல்ல.

தண்ணீரில் விழுந்து இன்ஜின் நின்றிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். கரைக்கு இழுத்து, ஏர் ஃபில்டர் நனைந்ததா என்று பாருங்கள். நனைந்திருந்தால் இரண்டு பக்கமும் பிளக்கைக் கழற்றி, இன்ஜினைச் சுற்றவிட்டுத் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கிராம்ஃபு முதல் காசா வரை இந்த வண்டியைத் தொடத் தெரிந்த மெக்கானிக் கிடையாது, படாலில் போன் சிக்னலையும் நம்ப முடியாது. இன்னொரு வண்டி கூட இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.