தாடியை மழித்த மத்திஸ்யாகு

கேள்வி (உவர்மலை, திருகோணமலை): கறுப்புத் தொப்பியும் நீண்ட தாடியுமாக, சமய மரபைக் கடுமையாகப் பேணும் ஹசிடிக் பிரிவு யூதர் கோலத்தில், ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையைப் பாடிப் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் மத்திஸ்யாகு, 2011 டிசம்பரில் தாடியை மழித்த படத்தை வெளியிட்டபோது ரசிகர் பலர் கலங்கியது ஏன்?

மறுமொழி (நிலாவெளி): ஐயா, அவர் அக்கோலத்திலேயே வளர்ந்தவரல்லர், இளமையில் ஹசிடிக் பிரிவைச் சேர்ந்த சபாட் என்னும் சமய இயக்கத்தில் சேர்ந்த பின்னரே அதை ஏற்றார். அவர் மேடையேறியபோது தம் வாழ்வுமுறைக்கே மதிப்புக் கிடைத்ததாக உணர்ந்த பக்தியுள்ள யூத இளைஞர்கள், அந்தப் படத்தைக் கண்டு கைவிடப்பட்டவர்களைப் போல் வருந்தினார்கள்.

மறுமொழி (உப்புவெளி): வருத்தம் புரிகிறது, அதற்காக அவரைப் பழித்தது நியாயமன்று. நல்லவராக வாழ ஏராளமான விதிகள் தமக்குத் தேவையென்று முன்பு எண்ணியதாகவும், இப்போது தம்முள் இருக்கும் நன்மையை நம்புவதாகவும் அவரே எழுதினார். கோணேசர் கோயிலுக்குத் திருநீறு பூசாமல் வருபவரின் பக்தியை அளக்க நமக்கு என்ன உரிமை உண்டு?

கேள்வி கேட்டவர்: நன்றி. அவருடைய பிந்திய பாடல்களையும் இனிக் கேட்கிறேன்.