சூப்பர்சார்ஜருக்குத் தமிழ்: பிழியூட்டியா, துருத்தியா?

குழுவினருக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் நான் எழுதும் கார் பக்கத்துக்கு இந்த வாரம் எடுத்துக்கொண்டது, ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த வகை சூப்பர்சார்ஜர் பொருந்தும் என்பது. எஞ்சினின் சுழற்சியாலேயே ஓடி, அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி அது. ரூட்ஸ், இரட்டைத் திருகு, மையவிலக்கு என்ற அதன் மூன்று வகைக்கும் தமிழில் பெயரில்லாமல் கட்டுரை நொண்டுகிறது. சூப்பர்சார்ஜர் என்றே விட்டுவிடலாம் என்றால், டெஸ்லா தன் மின்னேற்று நிலையங்களுக்கு அதே பெயரைச் சூட்டி வைத்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சினைப் பற்றிப் படிப்பவர் மின்கம்பியைத் தேடப் போகிறார்.

நம் குழுவின் ஈப்போ ஐயா எழுதியிருந்தார்: "இரண்டு உருளைகள் காற்றை நடுவில் வைத்துப் பிழிகின்றன. ஆகவே ரூட்ஸ் வகையைப் பிழியூட்டி என்போம்." சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஐயா. இயந்திரம்தான் அப்படி வேலை செய்வதில்லை.

போன வாரம் செந்தூலில் தெரிந்தவர் பட்டறையில் ரூட்ஸ் வகை ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கையால் சுழற்றிப் பார்த்தேன். மூன்று இதழ் கொண்ட இரண்டு சுழலிகள். ஒன்றின் இதழ் மற்றதன் பள்ளத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது, ஆனால் தொடுவதில்லை. அந்த மயிரிழை இடைவெளியைக் காப்பவை ஓரத்தில் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் பற்சக்கரங்கள். சாலையோரக் கரும்புச் சாற்று இயந்திரத்தின் தம்பி என்றுதான் கண் சொல்லும். காற்றோ நடுவே போவதே இல்லை. இதழுக்கும் உறைச் சுவருக்கும் இடையே சிக்கி, ஓரமாகவே சுற்றிவந்து மறுபக்கம் விழுகிறது. வழியில் அதன் கன அளவு மாறுவதில்லை. எஞ்சின் விழுங்குவதைவிட அதிகமாக வெளிவாயில் வந்து குவிவதால்தான் அழுத்தம் ஏறுகிறது. பிழிதல் என்ற வினைக்கே அங்கே வேலையில்லை. நடப்பது தள்ளுதல்.

இன்னொன்று. அமெரிக்காவின் இண்டியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்றபோது பெட்ரோல் காரே பிறக்கவில்லை. அவர்களுடைய கருவி இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்பியது. உலைக்குக் காற்றூட்டுவதற்கு நம்மிடம் பெயர் இல்லையா? குறுந்தொகையிலேயே 'மிதிதோல்' இருக்கிறது. கொல்லனிடம் கேட்டால் துருத்தி என்பான். ஆகவே சூப்பர்சார்ஜரைத் துருத்தி என்றே அழைத்து, அது காற்றை என்ன செய்கிறதோ அந்த வினையை முன்னால் ஒட்டலாம் என்பது என் கட்சி. (துருத்தி ஆற்றிடைக்குறையையும் குறிக்குமே என்று யாராவது கிளம்புவீர்கள். கார் பக்கத்தில் ஆறு ஓடாது.)

அப்படியானால் ரூட்ஸ் வகை தள்ளுதுருத்தி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'தள்ளுத்துருத்தி' என்று திருத்திவிடாதீர்கள்.

1930களில் ஸ்வீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஷோல்ம் வளர்த்தெடுத்த இரட்டைத் திருகு வகைதான் காற்றை உள்ளேயே நெருக்குகிறது. தடித்த திருகு ஒன்று, குழிந்த திருகு ஒன்று. காற்று சிக்கிய பள்ளம் வெளிவாயை நெருங்க நெருங்கச் சுருங்குகிறது. எனவே நெருக்குதுருத்தி. திருகுதுருத்தி என்று ஏன் சொல்லக்கூடாது என்றால், ஈட்டன் நிறுவனத்தின் புதிய ரூட்ஸ் சுழலிகளும் 160 பாகை முறுக்கப்பட்டவை. தோற்றத்தை வைத்துப் பெயரிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். 2009 கார்வெட் இசட்ஆர்1இல் இருந்தது அந்த ஈட்டன் வகை, 638 குதிரைத்திறன். 2015 டாட்ஜ் ஹெல்கேட்டில் இருந்தது இரட்டைத் திருகு, 707. இரண்டுமே 6.2 லிட்டர் வி8 எஞ்சின்கள். திறன் வேறுபாடு முழுவதும் துருத்தியால் வந்ததல்ல. ஆனால் வாசகர் அடுத்தடுத்த பத்தியில் இவற்றைப் படிக்கும்போது பெயர் குழம்பக்கூடாது.

மூன்றாவது, மையவிலக்கு வகை. பார்த்தால், எஞ்சின் புகையால் ஓடி அதற்கே காற்றூட்டும் டர்போவின் ஒரு பாதி. ஆனால் புகையால் ஓடாமல் எஞ்சினின் வாரால் ஓடுகிறது. கோனிக்செக் சிசிஎக்ஸ் காரில் இத்தகையவை இரண்டு. விசிறி காற்றை வெளிப்புறமாக வீசுகிறது: வீசுதுருத்தி.

எதை வாங்குவது என்பதற்கும் இந்த வினைகளே பாதி விடை சொல்லும். வீசுவது வேகத்தை நம்பிய தொழில். விசிறியின் சுழற்சி பாதியானால் அழுத்தம் ஏறக்குறைய கால்வாசிக்கு விழும். சிப்பாங் பந்தயத் தடத்தின் நேர்ச்சாலைகளில் எஞ்சின் அலறும்போது அது பிரமாதம். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவின் மாலை நெரிசலில் பணம் கொடுத்து வாங்கிய எடை. தள்ளுவதும் நெருக்குவதும் மிதித்தவுடன் கைகொடுக்கும். இவற்றுள் பழைய ரூட்ஸ் காற்றை வெகுவாகச் சூடாக்கும். மதியம் 33 பாகை கொதிக்கும் நம் ஊரில், இடையில் குளிர்விப்பான் வைக்காமல் அதை மாட்டுபவரிடம் எனக்கு வழக்கு உண்டு. தினமும் ஓட்டும் காருக்கு நான் நெருக்குதுருத்திக்கே வாக்களிப்பேன், அது போடும் ஊளையையும் சேர்த்து.

செந்தூலிலிருந்து

* * *

தம்பி,

முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் இடறுகிறது. காற்றும் வீசும், விசிறியும் வீசும். எந்தத் துருத்தியைத்தான் வீசாதது என்பாய்? சுழற்றி விடுவது என்றால் எனக்குத் தினைப்புனத்துக் கவண்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் புணர்ச்சி விதிப்படி எழுதினால் 'கவண்டுருத்தி' ஆகிவிடும். என் மாணவர்கள் அதை ஒருவருடைய பட்டப்பெயராக்கிவிடுவார்கள். எறிதுருத்தி என்றால் என்ன?

டர்போவை என்ன செய்யப் போகிறாய் என்பதையும் சொல். குடும்பத்தில் ஒருத்தியை மட்டும் வெளியே நிறுத்த முடியாது.

பினாங்கிலிருந்து

* * *

அக்கா,

எறிதுருத்தியை எடுத்துக்கொண்டேன், வீசுதுருத்தியை அடித்துவிட்டேன். டர்போவைப் புகைத்துருத்தி எனலாம். இது வினைத்தொகை அன்று, பெயரோடு பெயர் சேர்வதால் வல்லினம் மிகுந்தே தீரும். ஆனால் 'டர்போ' நம் பட்டறைகளில் வேர்விட்ட சொல். அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை. அடைப்புக்குறிக்குள் மட்டும் புகைத்துருத்தியைப் போடுகிறேன்.

ஈப்போ ஐயா பிழியூட்டிக்கு இன்னும் வாதாடுவதாக இருந்தால், வியாழன் மாலைக்குள் எழுதவும். பக்கம் அன்று அச்சுக்குப் போகிறது.