திருச்சியில் தனி வீடு, 75 லட்சத்துக்குள்: எந்த ஏரியா, எதை முதலில் பார்ப்பது?

டவுன்ஷிப்வாசி:

வணக்கம். எனக்கு வேலை திருவெறும்பூர் பக்கம், மனைவிக்குக் கன்டோன்மென்ட். அப்பா, அம்மா எங்களோடு இருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை கட்டாயம் வேண்டும். பத்திரச் செலவு உட்பட எல்லாம் சேர்த்து 75 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கையில் 22 லட்சம் இருக்கிறது, மீதி வங்கிக் கடன்.

புரோக்கர்கள் கே.கே.நகர், கருமண்டபம், வயலூர் ரோடு, ஸ்ரீரங்கம், காட்டூர், பஞ்சப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். இதில் எதை எடுக்கலாம், எதை விடலாம்? கட்டி முடித்த பழைய வீட்டில் என்ன பார்க்க வேண்டும்? 67 லட்சம் சொல்லும் வீட்டை இந்த பட்ஜெட்டில் தொடலாமா?

உய்யக்கொண்டான்:

ஏரியா பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள் சார். திருச்சியில் ஒரே நகருக்குள் இரண்டு தெரு தள்ளினால் நிலைமை மாறிவிடும். காரணம் தண்ணீர். கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் வாய்க்கால் மூன்றும் நகரின் மேற்கையும் தெற்கையும் ஊடுருவிப் போகின்றன. 2005 நவம்பரில் கருமண்டபம், வயலூர் ரோடு, உறையூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியது அதனால்தான். 2021 நவம்பரிலும் கோரையாற்று ஓரக் குடியிருப்புகள் மாட்டிக்கொண்டன. அதற்காகக் கருமண்டபத்தையே ஒதுக்க வேண்டாம். அங்கே மேட்டுத் தெருவும் உண்டு, பள்ளத் தெருவும் உண்டு. எது எது என்று தெரிந்துகொள்ள பெருமழை பெய்த மறுநாள் காலையில் போய் நில்லுங்கள். விற்பவரைக் கேட்காதீர்கள், தெருமுனை மளிகைக் கடையிலும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள்.

உங்கள் இருவர் வேலைக்கும் நடுவாக அமைவது கே.கே.நகர், விமான நிலையம், சுப்பிரமணியபுரம் பக்கம். காட்டூர் உங்களுக்குக் கிட்டம், ஆனால் உங்கள் மனைவி தினமும் தஞ்சாவூர் ரோட்டு நெரிசலைத் தாண்ட வேண்டும். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு இல்லாத குறை அங்கே பெரிது. இரு சக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு அந்த ரோடு ஆபத்தானது. அரியமங்கலத்தை ஒட்டிப் பார்த்தால் குப்பைக் கிடங்கு எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மாலை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஸ்ரீரங்கம் வயதானவர்களுக்கு நல்ல ஊர். ஆனால் அங்கே கோயில் மனை சிக்கல் நெடுநாளாக இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) பூஜ்ஜியம் என்று காட்டினால், பதிவு நடக்காத நிலம் என்று எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

பஞ்சப்பூரில் 2025 ஜூலையில் பேருந்து முனையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து, இன்னும் வராத வசதிக்கும் சேர்த்து இப்போதே விலை கேட்கிறார்கள். நாளைக்கே குடிபோக வேண்டிய குடும்பத்துக்கு அது சரிப்படாது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் தெருவுக்குள் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். வரப்போகிறது என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சைட்_இன்ஜினியர்:

பழைய வீடு என்றால் உள்ளே போகும் முன் தெருவில் நின்று பாருங்கள். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் ரோட்டின் மட்டம் ஏறுகிறது, வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அக்கம்பக்கத்து வீட்டு வாசல்களில் முதல் படி ரோட்டுக்குள் பாதி புதைந்திருந்தால் தெரு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வீட்டின் தரைமட்டம் ரோட்டின் நடுமட்டத்தைவிடக் குறைந்தது இரண்டடி உயரத்தில் இருக்க வேண்டும். காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கத்தில் கோடு போட்டதுபோல் ஒரே மட்டத்தில் கறை இருந்தாலும், ஈ.பி. மீட்டர் பெட்டியைப் பெயர்த்து மேலே ஏற்றிய தடம் தெரிந்தாலும் அந்த வீட்டில் தண்ணீர் நின்றிருக்கிறது. புதுப் பெயின்ட் அடித்து கறையை மறைப்பார்கள். மீட்டர் பெட்டி இருந்த பழைய ஓட்டையை மறப்பார்கள்.

விரிசலைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். பூச்சில் முடிபோல் ஓடும் விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நிற்கும். செங்கல் சுவரில் படிப்படியாகச் சாய்வாக இறங்கும் விரிசலும், ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பி சுவரின் இரு பக்கமும் தெரியும் விரிசலும் அஸ்திவாரம் இறங்கியதால் வரலாம். பழைய வாய்க்கால், குட்டைகளை மண் கொட்டி மேடாக்கிய மனையில் இது சகஜம். குளியலறைக்கு நேர் கீழே உள்ள சீலிங்கைச் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்து நிற்கிறது. அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழித்தே பேசுங்கள்.

போர் தண்ணீரை நாக்கில் வைத்து முடிவு செய்யாதீர்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் சோதித்துக் கொடுப்பார்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு 200, அதிகபட்சம் 600. கிருமிச் சோதனையையும் விடாதீர்கள். 1,200, 1,500 சதுர அடி மனையில் செப்டிக் டேங்கும் போரும் நெருக்கமாகத்தான் இருக்கும். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருவில் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போருக்கு எத்தனை அடியில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

மூலப்பத்திரம்:

வீடு பிடித்துப்போன பிறகு காகிதம் பார்ப்பது தலைகீழ் வேலை. பிடித்துவிட்டால் குறையைக் கண் பார்க்காது. புரோக்கரிடம் முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள், வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அப்புறம்.

வில்லங்கச் சான்றை (அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டும் பட்டியல்) பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பலர் தவறு செய்வது தேடும் விதத்தில். இப்போதைய உட்பிரிவு எண், உதாரணமாக 45/2ஏ1, அதை மட்டும் போட்டுத் தேடினால் 45/2 பிரிவதற்கு முன் பதிவான அடமானமோ பாகப்பிரிவினையோ அதில் வராது. தாய் எண்ணையும் போட்டுத் தேட வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் டவுன் சர்வே எண் வேறாக இருக்கும், பழைய பத்திரத்தில் பழைய சர்வே எண்தான் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தான் என்பதற்கு டவுன் சர்வே பதிவேட்டு நகலை வாங்கி ஒப்பிடுங்கள். சார்பதிவாளர் அலுவலக எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்தின் பெயரிலும் தேடுங்கள். 30 வருடமாவது பார்க்க வேண்டும்.

வில்லங்கம் சுத்தமாக இருந்தால் எல்லாம் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. பதிவு செய்யாத உயில், பெரும்பாலான நீதிமன்ற வழக்குகள், வாய்மொழிப் பாகப்பிரிவினை எதுவும் அதில் வராது. விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். பவர் (உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்து விற்பவர் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்று அவரிடமே நேரில் பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.

மனைப்பிரிவு அங்கீகாரத்தையும் பாருங்கள். 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட அங்கீகாரமில்லா மனை என்றால், 2017ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் வரன்முறை செய்த, அதாவது பிற்பாடு அங்கீகரித்த, ஆணை இருக்க வேண்டும். கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் நகல் கேளுங்கள். அப்ரூவலில் ஒரு தளம், கண்ணெதிரே இரண்டு தளம் என்றால் அந்த மாடிக்கு வங்கி மதிப்பே போடாமல் விடலாம்.

பிறகு டேப் பிடித்து நாலு பக்கமும் அளந்து பாருங்கள். புலப்படம் (சர்வே துறையின் நில வரைபடம்) மீட்டரில் இருக்கும், பத்திரம் அடியில் இருக்கும்; மீட்டரை 3.281ஆல் பெருக்குங்கள். பத்திரத்தில் 30க்கு 50 அடி, தரையில் 28க்கு 50 என்றால் 100 சதுர அடி எங்கேயோ போயிருக்கிறது. போனது ரோட்டுக்கா, பக்கத்து வீட்டுக்கா என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

லிஃப்ட்_வேண்டும்:

அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள், லிஃப்ட் உள்ள ஃப்ளாட் பார்க்கலாமே? பில்டரிடமிருந்து முதல் முறை வாங்கும் ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் நிலம், கட்டடம் சேர்த்து ஒரே பத்திரம். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5 சதவீதம், அதோடு பதிவுக் கட்டணம் 2. தனி வீட்டுக்கு 7ம் 2ம் சேர்த்து 9. நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டியும் கிடையாது.

உய்யக்கொண்டான்:

செலவுக் கணக்கு சரிதான். ஆனால் சூப்பர் பில்ட்-அப் (பொது இடமும் சேர்த்த கணக்கு) 1,200 சதுர அடி என்று விற்பதில் கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் இடம்) எவ்வளவு, பிரிக்கப்படாத பங்கு (நிலத்தில் உங்களுக்கு வரும் பங்கு) எத்தனை சதுர அடி என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் தனி வீட்டோடு ஒப்பிட வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ எட்டு வீட்டுக்கு மேற்பட்ட கட்டடமோ என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள்.

டவுன்ஷிப்வாசி:

எல்லோருக்கும் நன்றி. சுப்பிரமணியபுரம் பக்கம் ஒரு வீடு, 1,500 சதுர அடி மனை, 12 வருடக் கட்டடம், 67 லட்சம் சொல்கிறார்கள். மேட்டுத் தெரு, நீங்கள் சொன்ன அடையாளம் எதுவும் இல்லை. பத்திரம் விற்பவர்களின் அப்பா பெயரில். அவர் 2016ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மூத்த மகள் மூன்று வருடம் முன்பு தவறிவிட்டார். அவருக்குக் கணவரும் 15 வயதுப் பையனும் இருக்கிறார்கள். மருமகன் பையனுக்காகவும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார், ஐந்து லட்சம் முன்பணம் கொடுங்கள் என்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா?

மூலப்பத்திரம்:

கொடுக்காதீர்கள் சார். இப்போது வேண்டாம்.

சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் மனைவி, மகன், இரண்டு மகள்கள் நால்வருக்கும் சம பங்கு. இறந்த மகளின் கால் பங்கு அவர் கணவருக்கும் பையனுக்கும் பாதிப் பாதி, ஆளுக்கு எட்டில் ஒன்று. மருமகன் தன் எட்டில் ஒன்றைத் தாராளமாக விற்கலாம். பையனின் எட்டில் ஒன்றை, இயற்கைக் காப்பாளரான அப்பாவே என்றாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. 1956ம் வருட இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8வது பிரிவு அது. மீறி எழுதிய பத்திரத்தை, பையன் 18 வயது நிரம்பி மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டுத் தன் பங்கு மட்டுக்கும் ரத்து செய்ய முடியும். அதாவது இன்னும் ஆறு வருடம் உங்கள் தலைக்கு மேல் அது தொங்கும். கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞரும் இதில் நிறுத்திவிடுவார்.

இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை. 2016ல் அந்த அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, அதாவது பாட்டி, உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் பாட்டியும் முதல் வகுப்பு வாரிசு. நான்கு பங்கு ஐந்தாகிவிடும். பாட்டி பிறகு இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். சித்தப்பா, அத்தைமார் கையெழுத்தும் தேவைப்படும். வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்த்து நின்றுவிடாமல், பாட்டியின் இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியையும் பாருங்கள்.

வீடு உண்மையிலேயே பிடித்திருந்தால் ஒரு வழி உண்டு. பையனின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வாங்குவது விற்பவர்களின் பொறுப்பு என்றும், ஆணை கைக்கு வந்த பிறகே முன்பணம் என்றும் சொல்லுங்கள். அவன் பங்குப் பணத்தை அவன் பெயரில் வைப்பு வைக்கச் சொல்லி நீதிமன்றம் நிபந்தனை போடலாம், அதற்கு அவர்கள் சம்மதிக்க வேண்டும். ஆணை வந்ததும் எல்லோரும் சேர்ந்து கிரய ஒப்பந்தம் எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதையும் பதிவு செய்தாக வேண்டும், வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது போதாது.

கடன்_கவுன்டர்:

67 லட்சம் உங்கள் கைக்கு அடங்காது என்பது என் கருத்து. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். 67 லட்சத்துக்குக் கடன் 53.6 லட்சம். உங்கள் கையிலிருந்து 13.4 லட்சமும், 9 சதவீதப் பத்திரச் செலவு 6.03 லட்சமும், வழக்கறிஞர், மதிப்பீடு, அடமானப் பதிவு, புரோக்கர் என்று ஒன்றரை லட்சமும் போக, ஏறக்குறைய 21 லட்சம் காலி. இதுகூடச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் பேசிய விலை, வங்கியின் மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் 80 சதவீதம். 12 வருடக் கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்து மதிப்பீட்டாளர் 60 லட்சம் என்று எழுதினால் கடன் 48 லட்சம். உங்கள் பங்கு 26.5 லட்சமாகிவிடும். முன்பணம் கொடுத்த பிறகு இது தெரிந்தால் நகையை அடகு வைக்க ஓட வேண்டியதுதான்.

60 லட்சத்துக்குப் பேசி முடியுங்கள். அப்போது கடன் 48 லட்சம், உங்கள் கைப்பணம் 19 லட்சம், பராமரிப்புக்கு மூன்று லட்சம் மிஞ்சும். மாதத் தவணை 8 சதவீத வட்டியில் 20 வருடத்துக்குச் சுமார் 40,150 ரூபாய். மதிப்பீட்டை வங்கியிடம் முதலிலேயே செய்யச் சொல்லுங்கள். கட்டணம் சில ஆயிரம் ஆகலாம், தாராளமாகக் கொடுக்கலாம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் 1 சதவீதம் வருமான வரி பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர் ஐந்து பேர் என்றால் ஒவ்வொருவர் பான் எண்ணுக்கும் தனித்தனியாக. ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் கீழே என்று சொல்லித் தவிர்க்க 2024 அக்டோபர் முதல் வழியில்லை. யாருடைய பானாவது ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தால் 1 சதவீதம் 20 சதவீதமாகிவிடும். கையெழுத்துக்கு முன் ஐந்து பேர் பானையும் சரிபாருங்கள். மைனருக்கும் பான் எடுத்திருக்க வேண்டும்.

பதிவுச் செலவைக் குறைக்கக் கட்டடத்தை மறைத்து வெறும் மனை என்று எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். களஆய்வில் தெரிந்தால் குறைவு முத்திரைத் தீர்வையும் அபராதமும் வரும். வங்கிக் கடனும் அந்தப் பத்திரத்துக்குக் கிடைக்காது.

டவுன்ஷிப்வாசி:

முன்பணம் கொடுக்கவில்லை. பாட்டி பற்றிக் கேட்டேன். 2019ல் இறந்தாராம், அவருக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களாம். புரோக்கருக்கே இது தெரியவில்லை.

மூலப்பத்திரம்:

அப்படியானால் பாட்டிக்கு ஐந்தில் ஒன்று வந்து, அது அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரிந்திருக்கிறது. அந்த இரண்டு பேரும் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிவு செய்து கொடுக்க வேண்டும், அல்லது கிரயத்தில் விற்பவர்களாகவே சேர வேண்டும். இதுவும் மைனர் அனுமதியும் ஆகச் சில மாதமாவது பிடிக்கும். வாரிசுச் சான்றிதழ்கள், இறப்புச் சான்றிதழ்கள், மூலப்பத்திரம் எல்லாவற்றின் நகலும் வாங்கி உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள், புரோக்கர் காட்டும் வழக்கறிஞரிடம் அல்ல. அதுவரை கே.கே.நகர்ப் பக்கம் தேடுவதை நிறுத்தாதீர்கள்.