ஹைப்பர்-வி லைவ் மைக்ரேஷன்: எங்கே கோட்டை விடுகிறேன்?

வணக்கம் நண்பர்களே. காரைக்குடியில் ஆத்தங்குடி கல் விற்கும் ஒரு கடைக்குக் கணினி வேலை பார்க்கிறேன். பழைய வீடுதான் அலுவலகம். இரண்டாம் கட்டில், முன்பு பாத்திரம் பண்டம் அடுக்கியிருந்த அறையில் சர்வர்கள் இருக்கின்றன.

பழைய சர்வரில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் ஓடும் மூன்று விர்ச்சுவல் மெஷின்களை (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினி போல ஓடுபவை) நிறுத்தாமல் புதியதற்கு மாற்ற வேண்டும்; இதுதான் லைவ் மைக்ரேஷன். பில் போடுவது ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது என்கிறார் முதலாளி ஆச்சி. இரண்டிலும் விண்டோஸ் சர்வர் 2019, ஒரே டொமைன், ஷேர்டு ஸ்டோரேஜ் (இரண்டுக்கும் பொதுவான சேமிப்பு) கிடையாது. லைவ் மைக்ரேஷனுக்கான 6600 போர்ட் திறந்திருக்கிறது. மெஷின்களை நெட்வொர்க்கில் இணைக்கும் விர்ச்சுவல் ஸ்விட்ச் பெயரும் இப்போது ஒன்றுதான் (ஒரு ஹைஃபன் விட்டுப்போய் அரை நாள் வீணானது தனிக் கதை).

பழைய சர்வரிலேயே லாகின் செய்து கிரெட்எஸ்எஸ்பி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை மூலம் தள்ளினால் சோதனை மெஷின் போய்விடுகிறது. என் லேப்டாப்பிலிருந்து கெர்பரோஸ் என்ற இன்னொரு முறையில் தள்ளினால் மட்டும் சான்று இல்லை என்று நிற்கிறது. டெலிகேஷனில் (ஒரு சர்வர் என் சார்பில் இன்னொன்றை அணுகத் தரும் அனுமதி) கோப்புப் பகிர்வுக்கான சிஐஎஃப்எஸ், மைக்ரோசாஃப்ட் விர்ச்சுவல் சிஸ்டம் மைக்ரேஷன் சர்வீஸ் இரண்டையும் சேர்த்தாச்சு. ஆனால் 'கெர்பரோஸ் மட்டும்' என்று கொடுத்திருக்கிறேன். விண்டோஸ் சர்வர் 2016 முதல் 'எந்த முறையும்' என்பதுதான் வேண்டும் என்கிறார் நண்பர். அப்படி வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா? பாதுகாப்புக்குப் பங்கம் இல்லையே?

அப்புறம், இரண்டு சர்வரின் ப்ராசசரும் இன்டெல், ஆனால் தலைமுறை வேறு. புதியதில் ஏறி ரீஸ்டார்ட் ஆன மெஷின் பழையதற்குத் திரும்பாதோ என்று பயம். வேறு தலைமுறை ப்ராசசருக்கும் மாற விடும் 'ப்ராசசர் கம்பேட்டிபிலிட்டி'யை டிக் செய்ய மெஷினை அணைக்கச் சொல்கிறது. ஆச்சியிடம் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிவிடவா, இல்லை அப்படியே மாற்றிவிடவா? ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்குகிறேன், அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.