விலைப்புள்ளியா, கழிவுப்புள்ளியா? சட்ட நூலகக் கொள்முதலுக்கு ஒரு சொல் தேடி

பொருள்: நூல் கொள்முதல் அறிவிப்பு – ‘கொட்டேஷன்’ என்பதற்குச் சரியான சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சட்டக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். இந்த நிதியாண்டின் நூல் கொள்முதலுக்காக விற்பனையாளர்களிடம் கொட்டேஷன் கேட்டு அறிவிப்பு எழுத வேண்டும். அறிவிப்பு தமிழில்தான் போக வேண்டும் என்பது எங்கள் முதல்வரின் முடிவு. எனக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

தமிழ்நாட்டு அரசு வழக்கில் டெண்டர் என்றால் ஒப்பந்தப்புள்ளி, கொட்டேஷன் என்றால் விலைப்புள்ளி. இரண்டும் நிலைபெற்ற சொற்கள். மேசை நாற்காலி வாங்கும்போது விலைப்புள்ளி என்பதில் ஒரு குறையும் இல்லை. ஆளுக்கொரு விலை சொல்வார்கள், குறைந்ததை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் கதை வேறு. விலையைப் பதிப்பகமே அட்டையில் அச்சிட்டுவிடுகிறது. எத்தனை கடைக்காரர்கள் உறை அனுப்பினாலும் உள்ளே இருப்பது அதே விலைதான். வேறுபடுவது அவர்கள் தரும் டிஸ்கவுண்ட் மட்டும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது என்பதால் வரியிலும் வேறுபாடு வராது. இப்படி விலையே சொல்லாத ஒரு தாளை விலைப்புள்ளி என்று எப்படி எழுதுவது?

அந்த டிஸ்கவுண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நூலகங்களுக்கு 10 விழுக்காடு என்பது பதிப்பாளர், நூல் விற்பனையாளர் கூட்டமைப்பின் குட் ஆபீசஸ் கமிட்டி நெடுங்காலமாக வகுத்து வைத்திருக்கும் நடைமுறை. மாணவர் வாங்கும் பாடநூலுக்கு அதற்கு மேலும் கிடைக்கும். இறக்குமதி நூல் என்றால் பவுண்டிலோ டாலரிலோ உள்ள விலையை எந்த நாளின் மாற்று வீதத்தில் ரூபாயாக்குவது என்ற தகராறு தனியாக வரும். ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.சி. போன்ற தீர்ப்புத் தொகுதிகளின் நடப்பு ஆண்டுச் சந்தாவை நேரே பதிப்பகத்துக்கே கட்டுகிறோம். ஆனால் விடுபட்ட பழைய ஆண்டுத் தொகுதிகள் வேண்டுமென்றால் கடைக்காரர்தான் தேடித் தர வேண்டும். அதற்கு அச்சிட்ட விலைக்குக் கீழே இறங்கி வருவாரா, மேலே ஏறி நிற்பாரா என்பது அவரவர் கையிருப்பைப் பொறுத்தது.

இந்த முறை பட்டியலும் நீளம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் குற்றவியல் அலமாரி முழுவதற்கும் புதிய உரைநூல்கள் வேண்டும். அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்கு 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். ஆகவே பழையவற்றையும் தூக்கிப் போட முடியாது.

நான் யோசித்து வைத்திருப்பது ‘தள்ளுபடிப்புள்ளி’. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
நூலகர்

•

மறுமொழி

நூலகர் அம்மாவுக்கு வணக்கம்.

தலைமைச் செயலகத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. நீங்கள் தந்த விடை எனக்கு உகந்ததாக இல்லை.

முதலில் ‘புள்ளி’. டெண்டருக்கு வந்து ஒட்டிக்கொண்ட இந்தப் புள்ளி என்ன புள்ளி என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. புள்ளி என்பதற்குக் கணக்கு, மதிப்பீடு என்ற பொருள் பழைய வழக்கிலேயே உண்டு. ‘புள்ளி போடுவது’ என்றால் இவ்வளவு ஆகும் என்று கணித்துச் சொல்வது. புள்ளிவிவரத்திலும் அதே புள்ளிதான் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று தமிழ்நாடு 1998இல் தனிச் சட்டமே இயற்றிய பிறகு இந்தச் சொல்லை அசைக்க ஆளில்லை. ஆகவே நம் புதுச்சொல்லும் புள்ளியில்தான் முடிய வேண்டும். அதில் உங்களோடு உடன்படுகிறேன்.

தள்ளுபடிதான் உதைக்கிறது. துணிக்கடை வாசலில் அது இனிக்கும் சொல். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அதே சொல்லுக்கு முகம் மாறிவிடுகிறது. மனு தள்ளுபடி, மேல்முறையீடு தள்ளுபடி என்று நாள் முழுக்கக் கேட்கும் மாணவர்களும் வழக்கறிஞர்களும் ‘தள்ளுபடிப்புள்ளிகள் கோரப்படுகின்றன’ என்று படித்தால், நிராகரித்த புள்ளிகளைத் திரும்பக் கேட்கிறார்களோ என்று நினைப்பார்கள். கடன் தள்ளுபடி என்று இன்னொன்றும் இருக்கிறது. அங்கே முழுத்தொகையும் போய்விடுகிறது. பத்து விழுக்காடு குறைப்பதற்கு இந்தச் சொல் தாங்காது.

பதிப்புத் தொழிலில் இருப்பவர்களிடம் கேளுங்கள். ‘கழிவு எவ்வளவு?’ என்றுதான் பேசுவார்கள். விலையில் கழிப்பது கழிவு. பள்ளியில் படித்த கழித்தல்தான். எனவே ‘கழிவுப்புள்ளி’ என்பது என் பரிந்துரை.

இன்னொன்றையும் கவனியுங்கள், சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. நம் அறிவிப்புகளில் வழக்கமாக ஒரு வரி வரும்: ‘மிகக் குறைந்த புள்ளி ஏற்றுக்கொள்ளப்படும்.’ விலைப்புள்ளிக்கு அது சரி. கழிவுப்புள்ளி என்று தலைப்பிட்டுவிட்டு, பழைய அறிவிப்பிலிருந்து இந்த வரியையும் அப்படியே எடுத்து ஒட்டினால், குறைந்த கழிவு தருபவருக்கே ஆணை கொடுக்க வேண்டியதாகிவிடும். தணிக்கையாளர் இதை விடமாட்டார். அதிகக் கழிவு தருபவரே குறைந்த விலைக்குத் தருபவர் என்பது நமக்குத் தெரியும். தாளில் எழுதியதைப் படிப்பவருக்கு அது தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, ‘சரக்கு’ என்ற சொல்லுக்கு வரையறை தரும் இடத்திலேயே நூலகத்துக்கான நூல்களையும் பருவ இதழ்களையும் அதிலிருந்து விலக்கிவிடுகின்றன. அந்த விதிகள் மாநிலக் கல்லூரியைக் கட்டுப்படுத்தா. ஆனாலும் புத்தகம் வாங்குவது பொருள் வாங்குவதைப் போன்றதன்று என்ற உணர்வு விதி எழுதியவர்களுக்கே இருந்திருக்கிறது. சொல் ஆக்குபவர்களுக்கும் அது இருக்கலாம்.

வாழ்த்துகளுடன்,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், சென்னை

•

மறுமொழி

ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

இங்கே எங்கள் வழக்கு வேறு. டெண்டர் எங்களுக்குக் ‘கேள்வி’. அதை முடிவு செய்வது கேள்விச்சபை. கொள்முதலைப் ‘பெறுகை’ என்கிறோம். விலை கேட்டு அறிவிப்பு விட்டால் ‘விலைமனுக் கோரல்’. விலைமனு என்ற சொல்லை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத வந்தேன். தள்ளுபடி பற்றி ஐயா எழுதியதைப் படித்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். உங்கள் ஊரில் மனு என்றால் நீதிமன்றத்துக்கோ கலெக்டருக்கோ கொடுப்பது. சட்டக் கல்லூரிக்கு விலைமனு வந்தால் யாராவது அதற்கு வழக்கு எண் போட்டுவிடக்கூடும்.

கழிவு எங்களுக்கு அன்றாடச் சொல். கடைகளில் ‘விலைக்கழிவு’ என்று பலகையே வைத்திருப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களைப் படிக்கும்போது கழிவு என்பது பெரும்பாலும் கழிவுநீர், கழிவுப்பொருள் என்றுதான் கண்ணில் படுகிறது. நூலகத்தில் இன்னும் ஆபத்து. பயன்பாட்டிலிருந்து நீக்கும் புத்தகங்களை நீங்களும் ‘கழித்த’ நூல்கள் என்றுதானே பதிவேட்டில் எழுதுகிறீர்கள்? ‘கழிவுப்புள்ளி’ என்று மட்டும் போட்டால் பழைய புத்தகத்தை எடைக்கு எடுப்பவர்கள் உறையோடு வந்து நிற்பார்கள். முன்னால் ‘விலை’யைச் சேர்த்து விலைக்கழிவுப்புள்ளி என்று எழுதுங்கள். எங்கள் கழிவும் உங்கள் புள்ளியும் ஒரே சொல்லில் இருக்கட்டும்.

சட்ட நூல் வாங்குவதில் எங்கள் பாடு பெரும்பாடு. இலங்கையின் பொதுச்சட்டம் ரோமன் டச்சுச் சட்டம் என்பதால் தென்னாப்பிரிக்க நூல்களும் தேவைப்படும். அங்கிருந்து வரவழைத்தால் கழிவு எங்கே, கப்பல் கூலி எங்கே. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பற்றிய பழைய நூல்கள் கைக்குக் கிடைத்தாலே போதும் என்று கேட்ட விலைக்கு வாங்குகிறோம். உங்கள் அறிவிப்பில் அனுப்புகைச் செலவு யாருடையது என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். 20 வீதக் கழிவு தந்துவிட்டுப் பொதி கட்டிய கூலி என்று பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வோர் எங்கும் உண்டு.

•

மறுமொழி

வணக்கம். நான் வழக்கறிஞன், சொல்லாக்கத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

‘விலைப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன’ என்று நம் அறிவிப்புகள் எழுதுகின்றன. பன்னீர் தெளித்து வரவேற்பதுபோல் இருக்கிறது. ‘அழைக்கப்படுகின்றன’ என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. புள்ளி நடந்து வராது. கோருவதே சரி. சட்டப்படியும் அறிவிப்பு விடுபவர் எதையும் வாங்குவதாக உறுதி கூறவில்லை. முன்மொழிவு வந்தால் பார்க்கிறோம் என்கிறார், அவ்வளவுதான். விலை சொல்வதாலேயே விற்பதாகிவிடாது என்பதற்கு 1893இல் பிரிவி கவுன்சில் தீர்த்த ஹார்வி – ஃபேசி வழக்கை முதலாண்டு மாணவரும் சொல்வார். ஜமைக்காவில் ஒரு நிலத்துக்குக் குறைந்த விலை என்ன என்று தந்தியில் கேட்டார்கள், 900 பவுண்டு என்று பதில் தந்தி வந்தது. கேட்டவர்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். அது வெறும் விலைத் தகவல், விற்கும் முன்மொழிவு ஆகாது என்று தீர்ப்பாயிற்று. மெர்க்காராவில் (இன்றைய மடிகேரி) இருந்த ஒரு பங்களாவைப் பற்றிய மெக்பர்சன் – அப்பண்ணா வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் 1951இல் அந்த வழியில்தான் போனது.

அதனால் அம்மா அவர்கள் செய்ய வேண்டியது ஒன்று. வழங்குநர் தரும் தாள் வெறும் தகவலாக நின்றுவிடக் கூடாது. ‘இந்தக் கழிவில் இத்தனை நாள்வரை வழங்க உடன்படுகிறேன்’ என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆணை போன பிறகு, ‘அது அன்றைய கழிவு’ என்பார். சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதமே. விலைக்கழிவுப்புள்ளி கொஞ்சம் நீளம். சட்டத்தில் இருப்பவர்களுக்கு நீளம் பழகியதுதான்.

•

மறுமொழி

அனைவருக்கும் நன்றி.

விலைக்கழிவுப்புள்ளியையே எடுத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் அதைச் சொல்லிப் பார்த்தேன். கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒரு முறை முகம் சுளித்தார். பிறகு அவரே, ஒப்பீட்டுப் பட்டியலில் இனி விலைக்கென்று ஒரு பத்தி போட்டு ஒரே எண்ணை வரிசையாக நிரப்ப வேண்டாம், கழிவுக்கு மட்டும் பத்தி போட்டால் போதும் என்றார். இதைவிடப் பெரிய ஒப்புதல் எனக்கு எங்கும் கிடைக்காது.

அறிவிப்பின் வரைவு இது:

‘கல்லூரி நூலகத்துக்குச் சட்ட நூல்கள் வழங்குவதற்குப் பதிப்பகங்களிடமிருந்தும் நூல் விற்பனையாளர்களிடமிருந்தும் விலைக்கழிவுப்புள்ளிகள் கோரப்படுகின்றன. விலைக்கழிவுப்புள்ளி என்பது, பதிப்பகம் அறிவித்துள்ள விலையில் வழங்குநர் குறைத்துத் தர உடன்படும் விழுக்காடு. இந்திய நூல்கள், அயல்நாட்டு நூல்கள், தீர்ப்புத் தொகுதிகளின் முந்தைய ஆண்டுத் தொகுதிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு வகையிலும் மிகுந்த கழிவு தரும் புள்ளி ஏற்கப்படும். அனுப்புகைச் செலவு வழங்குநரைச் சாரும். அயல்நாட்டு நூலின் விலை, பட்டியல் (பில்) எழுதும் நாளின் மாற்று வீதத்தில் ரூபாயாகக் கணக்கிடப்படும். நடப்புப் பதிப்பு மட்டுமே ஏற்கப்படும். அச்சிட்ட விலையின் மேல் வேறு விலை ஒட்டிய நூலுக்குப் பதிப்பகத்தின் விலைச்சான்று இணைக்கப்பட வேண்டும்.’

கடைசி வரி அனுபவத்தில் வந்தது. அட்டையில் ஒட்டிய தாளை நகத்தால் கீறிப் பார்த்தால் அடியில் வேறொரு விலை இருக்கும். விலையை ஏற்றி ஒட்டிவிட்டு, அந்த ஏற்றத்துக்குள்ளேயே கழிவு கொடுப்பார்கள். பதிப்பகமே விலையை உயர்த்தி ஒட்டுவதும் உண்டு. ஆகவே ஒட்டியதையெல்லாம் சந்தேகப்படவும் முடியாது. சான்று கேட்பதே வழி.

ஓய்வுபெற்ற ஐயா சொன்ன ‘மிகக் குறைந்த புள்ளி’ வரி எங்கள் பழைய கோப்பில் அப்படியே இருந்தது. எடுத்துவிட்டேன். வழக்கறிஞர் ஐயா கேட்ட உடன்பாட்டு வாசகம் தனிப் படிவமாக இணைகிறது. நிதியாண்டின் இறுதிவரை கழிவு மாறாது என்று அதில் எழுதியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சொற்கள் பாக்கி இருக்கின்றன. வாங்குவதற்கு முன் பார்வையிட அனுப்பும் நூல்களைப் ‘பார்வைப்படி’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் படி என்றதும் பயணப்படி, அகவிலைப்படிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. லூஸ் லீஃப் தொகுதிக்கு இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. திருத்தம் வரும்போதெல்லாம் பழைய தாளைக் கழற்றிப் புதிய தாளைச் செருகும் கோப்பு அது. அறிவிப்பில் இப்போதைக்கு லூஸ் லீஃப் என்றே விட்டிருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். யோசனை உள்ளவர்கள் அங்கே எழுதுங்கள்.

நூலகர்