டாக்டர் இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த கொங்குநாட்டாருக்கு

ஈரோடு பெருந்துறை ரோட்டில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, ஃபீஸை எண்ணிக் கொடுத்து, மருந்துச் சீட்டோடு பக்கத்து மெடிக்கலுக்குப் போய்ப் பழகிய நமக்கு, அமெரிக்காவில் முதலில் பிடிபடாத விஷயம், வைத்தியம் முடியும்வரை விலை தெரியாது என்பதுதான். அதனால்தான், இன்சூரன்ஸை ஏற்க மாட்டேன், பணமாகக் கட்டுங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னதும், ஏமாற்றுகிறாரோ என்று கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்த பலர் கேட்கிறார்கள்.

பெரும்பாலும் அப்படி இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்வது டாக்டரின் விருப்பம். நிறுவனம் தரும் தொகை குறைவு, எழுத்து வேலை அதிகம் என்பதால் ஒதுங்கியவர்கள், குறிப்பாக மனநல மருத்துவர்களில், நிறையப் பேர். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு சாதாரண வைத்தியம் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சந்தா இன்சூரன்ஸ் ஆகாது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் உதவாது.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். வந்த முதல் வருடம், மகளின் தோல் அரிப்புக்காக ஒரு கிளினிக்கைக் கூப்பிட்டு, "எங்கள் இன்சூரன்ஸை எடுப்பீர்களா?" என்று கேட்டேன், தயக்கமில்லாமல் "எடுப்போம்" என்றார்கள். ஆறு வாரம் கழித்து, 'இது பில் அல்ல' என்று தலைப்பில் அச்சிட்ட தாள் ஒன்று இன்சூரன்ஸிலிருந்து வந்தது. அதன் பின்னாலேயே கிளினிக்கின் நிஜமான பில்லும் வந்தது. எடுப்போம் என்றால், இன்சூரன்ஸிடம் பணம் கேட்கும் க்ளெய்மை அனுப்பி வைப்போம் என்று மட்டுமே பொருளாம்! ஆகவே, அட்டையில் உள்ள பிளான் பெயரைச் சொல்லி, "இந்த பிளானுக்கு நீங்கள் இன்-நெட்வொர்க்கா?", அதாவது அந்த பிளானோடு ஒப்பந்தம் உள்ளவரா, என்றே கேளுங்கள், அட்டையின் பின்பக்க எண்ணிலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்படி ஒப்பந்தம் இல்லாத வெளி நெட்வொர்க் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும் என்றால், வெளி டாக்டருக்கும் ஓரளவு பணம் தரும் பிபிஓ வகை பிளான்காரர்கள், பணம் கட்டியதும் 'சூப்பர்பில்' என்ற விவரமான ரசீதைக் கேட்டு வாங்கி இன்சூரன்ஸுக்கு அனுப்பினால் ஒரு பகுதி திரும்பி வரலாம். நெட்வொர்க்குக்குள் மட்டுமே பார்க்கச் சொல்லும் எச்எம்ஓ வகை பிளானில் அவசர சிகிச்சை தவிரப் பொதுவாக ஒன்றும் வராது. டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய வருடாந்திரத் தொகை, பெரிதாக உள்ளவர்களுக்குச் சில சமயம் ரொக்க விலையே குறைவாக இருக்கும், ஆனால் அப்படிக் கட்டிய பணம் பெரும்பாலும் டிடக்டிபிள் கணக்கில் ஏறாது.

அவசர சிகிச்சைக்கு இந்தப் பயம் குறைவு. 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 'நோ சர்ப்ரைசஸ்' சட்டப்படி, இன்சூரன்ஸ் உள்ளவர் வெளி நெட்வொர்க் எமர்ஜென்சிக்குப் போனாலும், இன்-நெட்வொர்க் அளவுக்கு மேல் அவரிடம் கேட்கக் கூடாது. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் அந்தச் சட்டத்தில் அடங்காது.

ஊரிலிருந்து அப்பா அம்மாவையோ அப்புச்சியையோ அழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சர்க்கரை, பிரஷர் போன்றவற்றைப் பயணி இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்பதில்லை, எனவே கைக்காசுதான். அப்போது, இன்சூரன்ஸ் இல்லாமல் கட்டுவதாகச் சொல்லி, எவ்வளவு செலவாகும் என்ற 'குட் ஃபெய்த் எஸ்டிமேட்' மதிப்பீட்டைக் கிளினிக்கிடம் எழுத்தில் கேளுங்கள். தருவது அவர்கள் கடமை. அதில் கண்ட தொகையைவிட பில் 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் வந்த 120 நாட்களுக்குள் அரசிடம் முறையிடலாம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். நான் மகளின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன்.